வெற்றிவேல்: தஞ்சாவூர் சுகோய்க்குள் இருக்கும் ஒரு தமிழ்ப் பெயர்

"தஞ்சாவூர்ல நிக்கிற சுகோய் பத்தி ஒரு எபிசோட் போடுங்க"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்க. 2025 மே மாசத்துக்கு அப்புறம் பிரம்மோஸ்னு ஸ்டேட்டஸ் வைக்காத ஆளே இல்லைங்கிற மாதிரி ஆனதும் அந்தக் கேள்வி இன்னும் கூடிருச்சு. சரி, இன்னைக்கு அதுதான். ஆனா எஃப்-16கூட மோதினா யார் ஜெயிப்பா, எத்தனை டன் தூக்கும்னு எதிர்பார்த்து வந்திருந்தா கொஞ்சம் ஏமாந்துடுவீங்க. அதுக்கு யூட்யூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. நான் பேசப் போவது அந்த விமானத்துக்குள்ளே இருக்கும் சில கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பற்றி. அவற்றை உருவாக்கிய திட்டத்தின் பெயர் 'வெற்றிவேல்'.

ஆமா, முருகன் கையில இருக்கிற அதே வேல்தான். ஆறுபடை வீடுகளில் திருப்பரங்குன்றம், பழமுதிர்சோலை இரண்டும் நம்ம மதுரையை ஒட்டியே இருக்கு. பங்குனி உத்திரத்துக்கு நடந்து போற கூட்டத்துல காதுல விழுற சொல் அது. அது எப்படி ஒரு ரஷ்யப் போர் விமானத்தின் மின்னணுத் திட்டத்துக்குப் பெயர் ஆனது?

1996 நவம்பர் 30. சுகோய்-30 விமானங்களை வாங்க ரஷ்யாவோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. சோவியத் யூனியன் உடைந்து அப்போதுதான் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ரஷ்யாவின் விமானத் தொழிற்சாலைகள் ஆர்டருக்கு ஏங்கிக்கொண்டிருந்த காலம். வாங்க வருகிறவன் கண்டிஷன் போட முடிகிற அபூர்வமான நேரம் அது. இந்தியா போட்ட கண்டிஷன்களில் ஒன்று இதுதான்: உடம்பும் இன்ஜினும் உங்களுடையது, ஆனால் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் நாங்கள் தேர்ந்தெடுக்கும் கலவையாக இருக்கும். கொஞ்சம் பிரான்ஸ், கொஞ்சம் இஸ்ரேல், மீதி நம்முடையது.

முதல் எட்டு விமானங்கள் 1997இல் புனே லோகேகானுக்கு வந்தன. அவை ரஷ்யா கொடுத்தபடியே இருந்த எளிய வடிவம். நாம் கேட்ட கலவையோடு இருந்த எம்கேஐ வடிவம் படையில் சேர்ந்தது 2002 செப்டம்பர் 27 அன்று. ஒப்பந்தத்திலிருந்து கிட்டத்தட்ட ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் பெங்களூரில் நடந்த வேலைதான் வெற்றிவேல். டிஆர்டிஓவின் கீழ் டேர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. மிஷன் கம்ப்யூட்டர், திரைகளுக்கான ப்ராசஸர், ரேடாருக்கான கம்ப்யூட்டர்கள், எதிரி ரேடார் நம்மைப் பார்க்கிறதா என்று எச்சரிக்கும் 'தரங்' கருவி எல்லாம் அங்கே உருவாயின. ரேடியோவும் உயரம் காட்டும் கருவியும் ஹெச்ஏஎல்லில் இருந்து வந்தன.

மிஷன் கம்ப்யூட்டர்னா என்னன்னு ஒரு நிமிஷம். ரேடார் ஒரு நாட்டில் செய்தது, வழிகாட்டும் கருவி இன்னொரு நாட்டில் செய்தது, பைலட் பார்க்கும் திரை வேறொரு நாட்டில் செய்தது. இவை ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். எல்லோர் பேச்சையும் கேட்டு, எதை எந்தத் திரையில் காட்டுவது, எந்த ஆயுதத்துக்கு என்ன தகவல் அனுப்புவது, இப்போது பட்டனை அழுத்தினால் அது போய்ச் சேருமா சேராதா என்று கணக்குப் போடுவது மிஷன் கம்ப்யூட்டர்தான். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், ஐயர், போட்டோகிராபர் நாலு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் தாய்மாமா மாதிரி.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்றேன்னா, ஒரு விமானத்தில் புது ஆயுதத்தை மாட்டுவது ஸ்பானர் வேலை மட்டும் கிடையாது. ஏவுகணை "நான் நல்லா இருக்கேன், ரெடி"ன்னு ஒரு செய்தி அனுப்பணும். அது விமானத்துக்குப் புரியணும். விமானம் இலக்கு எங்கேன்னு சொல்லணும். அது ஏவுகணைக்குப் புரியணும். இதுக்கெல்லாம் மிஷன் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரைத் திறந்து மாத்தணும். அந்த சோர்ஸ் கோட் உங்க கையில இல்லேன்னா என்ன ஆகும்? ஐடில வேலை பாக்கிற யாரையாவது கேளுங்க. நான் முன்னாடி வேலை செஞ்ச ஒரு கம்பெனியில, வெளியில வாங்கின சாஃப்ட்வேர்ல ஒரு காலம் கூடுதலா வேணும்னு வெண்டாருக்கு டிக்கெட் போட்டோம். பதில் வர ஏழு மாசம். விலைப்பட்டியலைப் பார்த்துட்டு மேனேஜர் எக்செல்லே போதும்னுட்டார். போர் விமானத்தில் அந்த "எக்செல்லே போதும்" என்கிற வழி கிடையாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னாடி போகணும். வழிகாட்டப்பட்ட ஆயுதம் ஒன்றும் புதுசு இல்லை. 1943 செப்டம்பர் 9 அன்று இத்தாலியின் 'ரோமா' என்ற போர்க்கப்பலை ஜெர்மன் விமானங்கள் மூழ்கடித்தன. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். போட்ட குண்டின் பெயர் ஃப்ரிட்ஸ்-எக்ஸ். அதன் வாலில் ஒரு தீப்பொறி எரியும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கண்ணால் பார்த்தபடியே ஜாய்ஸ்டிக்கைத் திருப்பி ரேடியோ மூலம் குண்டை ஓட்டுவார். அடுத்து வியட்நாம். தான் ஹோவா பாலத்தை 1965இல் இருந்து அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கான முறை போய் அடித்தும் அது விழவில்லை. 1972 மே மாதம் லேசர் குண்டுகள் வந்துதான் வீழ்த்தின. நம் ஊர்க் கதை 1999, கார்கில். ஜூன் 24 அன்று டைகர் ஹில் மேல் மிராஜ்-2000 விமானங்கள் லேசர் குண்டு போட்டன. பிரெஞ்சு விமானம், அமெரிக்க வழிகாட்டும் கிட், இஸ்ரேலிய லேசர் கருவி. மூன்றையும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒட்டுப் போட்டு வேலை செய்ய வைத்தது நம் விமானப்படை இன்ஜினியர்கள். அதைப் பற்றித் தனி எபிசோடே போடலாம்.

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. குண்டு விழுந்து வெடிக்கும்வரை யாரோ ஒருவர் இலக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை எடுத்தால் குறி போச்சு.

பிரம்மோஸ் வேறு ரகம். 1998 பிப்ரவரி 12 அன்று இந்தியாவும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டன. பிரம்மபுத்ரா, மாஸ்க்வா என்ற இரண்டு ஆறுகளின் பெயர்களை ஒட்டி வைத்த பெயர். இந்தியா சார்பில் கையெழுத்துப் போட்டவர் அப்போது டிஆர்டிஓ தலைவராக இருந்த நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாம். 2001 ஜூன் 12 அன்று முதல் சோதனை. ஒலியைப் போல 2.8 மடங்கு வேகம், அறிவித்த தூரம் 290 கிலோமீட்டர். 290 கிலோமீட்டர்னா, மதுரையில் இருந்து பாண்டிச்சேரிக்கு மேப்பில் நேர்கோடு போட்டுப் பாருங்க, சரியா அவ்வளவுதான் வரும். பஸ்ஸில் ராத்திரி ஏறினால் விடிய விடியப் போகிற தூரம். இதற்கு ஆறு நிமிடம் கூட ஆகாது. ஏவிய பிறகு யாரும் ஜாய்ஸ்டிக் பிடிக்கப் போவதில்லை. கிளம்பும்போது அதற்கு என்ன தெரியுமோ, அதை வைத்துத்தான் பெரும்பாலான தூரத்தையும் அது கடக்கணும்.

கப்பலில் இருந்தும் லாரியில் இருந்தும் ஏவப்பட்ட இந்த ஏவுகணையை சுகோயின் வயிற்றில் மாட்ட முடிவானது. விமானத்துக்கென்று எடை குறைத்த வடிவமே 2.5 டன். ஒரு விமானத்துக்கு ஒன்றுதான், அதுவும் நட்டநடுவில். விமானத்தின் உடலைப் பலப்படுத்துவது, வயரிங் மாற்றுவது எல்லாம் நாசிக்கில் ஹெச்ஏஎல் செய்தது. 2016 ஜூன் 25 அன்று ஏவுகணையைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாகச் சும்மா ஒரு சுற்றுப் பறந்தது. சாஃப்ட்வேரை எழுதியது விமானப்படையின் சொந்த இன்ஜினியர்கள். 2019 மே மாதச் சோதனைக்குப் பிறகு அரசு வெளியிட்ட செய்திக்குறிப்பில் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். அதே குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. அவர்கள் தாண்டிய பெரிய சவால்களில் ஒன்று, ஏவுகணையின் இனர்ஷியல் சென்சார்களுக்கான 'ட்ரான்ஸ்ஃபர் அலைன்மென்ட்'டைச் செம்மைப்படுத்தியது என்று. எல்லா டிவியும் வேகத்தையும் தூரத்தையும் பேசிவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டன. எனக்கோ அந்த வரியைப் படித்ததும் காபி ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

என்ன அது? ஏவுகணைக்குள் இரண்டு வகை சென்சார்கள் இருக்கின்றன. எவ்வளவு திரும்பினோம் என்று சொல்வது ஒன்று, வேகம் எவ்வளவு மாறியது என்று சொல்வது இன்னொன்று. இரண்டையும் கூட்டிக்கொண்டே போனால் இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்கில் வந்துவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு, அடியை எண்ணி எண்ணி வீட்டுக்குள் நடப்பது மாதிரி. எண்ணிக்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், கிளம்பும்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றோம் என்பது தப்பாக இருந்தால் சுவரில்தான் முட்டுவோம்.

எவ்வளவு தப்பு, எவ்வளவு விலகல்? கணக்கு போடுவோம். 290 கிலோமீட்டர் தூரத்தில் ஒரே ஒரு டிகிரி திசை தப்பினால் 5 கிலோமீட்டர் விலகும். பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குன்னு கிளம்பினது மாட்டுத்தாவணிக்குப் போய் நிக்கும். பத்தில் ஒரு பங்கு டிகிரி தப்பினாலே அரை கிலோமீட்டர். செயற்கைக்கோள் உதவி இருக்கிறது, வழியில் திருத்திக்கொள்ளும். கப்பலைத் தேடும்போது கடைசியில் ஏவுகணையின் சொந்த ரேடாரும் விழித்துக்கொள்ளும். ஆனால் செயற்கைக்கோள் சிக்னலைக் குழப்ப முடியும் என்று உக்ரைன் போர் எல்லோருக்கும் காட்டிவிட்டது. கிளம்பும்போதே முடிந்தவரை சரியாகக் கிளம்புவதுதான் பாதுகாப்பு.

லாரியில் இருக்கும் ஏவுகணைக்கு இது பெரிய விஷயம் இல்லை. லாரி அசையாமல் நிற்கும். பூமி சுற்றுவதையே சென்சாரில் அளந்து வடக்கு எது என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளலாம். விமானத்தில் அதற்கு வழியில்லை. காற்று உலுக்குகிறது, இன்ஜின் அதிர்கிறது, எல்லாமே ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, விமானத்துக்குத்தான் தன் திசை தெரியுமே, அந்த எண்ணை அப்படியே காப்பி-பேஸ்ட் பண்ணினா என்ன? முதல்ல எனக்கும் அதான் தோணுச்சு. அங்கேதான் சிக்கல். ஏவுகணை விமானத்தின் மூக்குக்கு நூல் பிடித்த மாதிரி நேராக மாட்டப்பட்டிருக்காது. மிகச் சின்னக் கோணல் எப்போதும் இருக்கும். 2.5 டன் தொங்கும்போது உடம்பு கொஞ்சம் வளையும். விமானத்தின் சென்சார் ஒரு இடத்தில், ஏவுகணையின் சென்சார் சில மீட்டர் தள்ளி இன்னொரு இடத்தில். விமானம் புரளும்போது இரண்டும் வேறு வேறு வேகத்தை உணரும். போதாக்குறைக்கு, எண் ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்கு வந்து சேர்வதற்குள் சில மில்லி செகண்ட் பழசாகிவிடும்.

அதனால் காப்பி-பேஸ்ட்டுக்குப் பதில் ஒப்பிடுகிறார்கள். ஏவுவதற்கு முன்னால், விமானம் உணர்ந்ததையும் ஏவுகணை உணர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தில் இருந்து அந்தக் கோணல் எவ்வளவு என்று கணிக்கிறார்கள். இதற்கான கணித முறையை 1960இல் ருடால்ஃப் கால்மன் எழுதினார். கால்மன் ஃபில்டர் இல்லாமல் நிலாவுக்குப் போன அப்போலோவும் இல்லை, உங்கள் போனில் இருக்கும் மேப்பின் நீலப்புள்ளியும் இல்லை.

இதில் ஒரு அழகான சிக்கல் உண்டு. விமானம் நேராக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் திசைக் கோணல் வெளியே தெரியாது. இரண்டு சென்சாருமே "ஒன்றும் மாறவில்லை" என்றுதான் சொல்லும். இரண்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசம் தெரிய விமானம் திரும்ப வேண்டும், வளைய வேண்டும். போனில் திசைகாட்டி குழம்பினால் "எட்டு மாதிரி ஆட்டு" என்று கேட்குமே, அங்கே இருப்பது வேறு சென்சார், ஆனால் காரணம் இதுதான். ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டுக் காட்டினாத்தான் லைசென்ஸ், நேரா ஓட்டினா யாருக்கு என்ன தெரியும்?

ஆனால் எதிரி ரேடார் தேடிக்கொண்டிருக்கும் வானத்தில், வயிற்றில் 2.5 டன்னோடு ஒரு பைலட்டை எட்டு போடச் சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? எவ்வளவு குறைவான நேரத்தில், எவ்வளவு சின்ன வளைவில் தேவையான துல்லியத்தை எடுத்துவிடலாம்? செம்மைப்படுத்தியது என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இழுபறிதான் இருக்கிறது என்பது என் புரிதல். 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடலுக்கு மேலே சுகோயில் இருந்து ஏவுகணை முதலில் கல் மாதிரி கீழே விழுந்தது. பிறகு அதன் இன்ஜின் பற்றிக்கொண்டது. கடலில் வைத்திருந்த இலக்கில் போய்ச் சேர்ந்தது.

1996இல் "எலக்ட்ரானிக்ஸ் எங்கள் விருப்பப்படி" என்று கேட்டபோது பிரம்மோஸ் ஒப்பந்தமே கையெழுத்தாகவில்லை. இருபது வருடம் கழித்து எதை மாட்டப் போகிறோம் என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரைத் திறந்து எழுதும் உரிமை கையில் இருந்ததால்தான் பின்னால் வந்ததை மாட்ட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். என் பார்வையில் வெற்றிவேலின் பெரிய பலன் இந்த உரிமைதான்.

சரி, இதை ஏன் தஞ்சாவூரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்? அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்துது. இடையில் பல வருடம் பெரிதாக யாரும் சீந்தவில்லை. 2013 மே மாதம் விமானப்படைத் தளமாக ஏ.கே. அந்தோணி திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20 அன்று, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் முன்னிலையில் 222ஆம் ஸ்குவாட்ரன் அங்கே தொடங்கியது. டைகர்ஷார்க்ஸ் என்று பெயர். தென்னிந்தியாவின் முதல் சுகோய் ஸ்குவாட்ரன். ஒரு காலத்தில் சுகோய்-7, பிறகு மிக்-27 ஓட்டிய பழைய படைப்பிரிவு, கலைக்கப்பட்டு மறுபடி உயிர் பெற்றது. மேப்பைப் பார்த்தால் காரணம் தானே தெரியும். இந்தப் பக்கம் வங்கக் கடல், அந்தப் பக்கம் அரபிக் கடல், கீழே இலங்கைக்குத் தெற்கே ஓடும் உலகக் கப்பல் பாதை. மதுரையில் இருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் கூட இல்லை.

இதைக் கேட்டு உங்களில் பலருக்கு ஒரு பெருமிதம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் சொல்லணும். மதுரையில் ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. விமானச் சத்தம் கேட்டால் அங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நினைவு வருவது வேறு. 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். "அப்போ துல்லியமான ஆயுதம் இருந்திருந்தா இது நடந்திருக்காதே"ன்னு ஒரு வாதம் வரும். பாக்தாத்தில் அமிரியா என்ற இடத்தில் 1991 பிப்ரவரி 13 அன்று ஒரு பதுங்குமிடத்தின் மேல் இரண்டு லேசர் குண்டுகள் குறி தப்பாமல் விழுந்தன. அது ராணுவக் கட்டளை மையம் என்று அமெரிக்கா நம்பியது. உள்ளே இருந்தவர்கள் குடும்பங்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் குண்டிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் அதற்குத் தெரியாது.

பிரம்மோஸுக்கும் ஒரு கெட்ட நாள் உண்டு. 2022 மார்ச் 9 அன்று தரையில் இருந்து ஏவும் ஒரு பிரம்மோஸ் தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 100 கிலோமீட்டருக்கு மேல் பறந்து மியான் சன்னு என்ற ஊருக்குப் பக்கத்தில் விழுந்தது. யாரும் இறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, பராமரிப்பின்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று நம் அரசு வருத்தம் தெரிவித்தது. பிறகு நடந்த விசாரணையில், விதிமுறையை மீறியதே காரணம் என்று முடிவாகி, ஆகஸ்ட் 23 அன்று மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அதை எதிர்த்து வழக்கு வந்தபோது தில்லி உயர் நீதிமன்றத்தில் விமானப்படை சொன்ன பதிலில் ஒரு விவரம் இருந்தது. ஏவுகணைகளின் 'கம்பேட் கனெக்டர்கள்' ஜங்ஷன் பாக்ஸோடு இணைக்கப்பட்டே இருந்தன, அது தெரிந்தும் ஏவுவதைத் தடுக்கவில்லை என்று. ப்ரொடக்ஷன் சர்வர்ல டெஸ்ட் ஓட்டிட்டாங்கன்னு நம்ம ஆளுங்க மீம் போட்டாங்க. எனக்குச் சிரிப்பு வரல. இரண்டுமே அணு ஆயுத நாடுகள். அந்த நேரத்தில் அதே வானத்தில் பயணிகள் விமானங்கள் பறந்துகொண்டிருந்தன என்று பாகிஸ்தான் சொன்னது.

இன்னைக்கு இம்புட்டுதான் மக்களே. கால்மன் ஃபில்டரைக் கணக்கோட கேக்கணும்னா எழுதி அனுப்புங்க. பேப்பர் பென்சிலோட உக்காந்து தனியா ஒரு எபிசோட் போட்டுருவோம்.